உன் அம்மா தனியாகச் சாப்பிட்ட சூப்

மகனே, உனக்கு என் ஸலாம். போன வாரம் நீ பேசியபோது லைன் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் கேட்டது. நீ புதிதாகக் குடிபோயிருக்கும் தெருவில் வியட்நாம்காரர்களின் நூடுல்ஸ் சூப் கடைகள் வரிசையாக இருக்கின்றன என்றாய். "அம்மா சாப்பிடுவாங்களே அத்தா, அதேதான். எந்தக் கடைக்குள்ள போறதுன்னே தெரியல. நல்ல கடைன்னு அம்மா எப்படிக் கண்டுபிடிப்பாங்க? அது எப்படி இருக்கும்னு சொல்லுவாங்க?" என்று கேட்டாய். உன் அம்மா இறந்துபோகும்போது உனக்கு ஐந்து வயது. அவளைப் பற்றி நீ என்னிடம் கேட்கும் கேள்விகள் வருடத்துக்கு ஒன்றிரண்டுதான். அதில் இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போனில் சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் அம்மா சைகோனில் பிறந்தவள் என்பது உனக்குத் தெரியும். அவளுடைய அத்தா புதுச்சேரியிலிருந்து போய் அங்கே துணிக்கடை வைத்திருந்தார். அங்கேயே ஒரு வியட்நாம் பெண்ணை நிக்காஹ் செய்துகொண்டார். போர் முடிந்து கடை நடத்த வழியில்லாமல் போனதும் மூன்று பேரும் ஒரே ஒரு பெட்டியோடு புதுச்சேரிக்குத் திரும்பினார்கள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. நான் கல்வராயன் மலையிலிருந்து புளி, கடுக்காய், இஞ்சி எல்லாம் வாங்கிக் கள்ளக்குறிச்சியில் வியாபாரம் செய்துகொண்டிருந்தேன். புதுச்சேரிக்குச் சரக்கு கொண்டுபோகிற பழக்கத்தில்தான் சம்பந்தம் கூடி வந்தது. நிக்காஹுக்கு முந்தைய வருடமே அவள் தாய் இறந்துவிட்டிருந்தார். கள்ளக்குறிச்சியில் தாயின் மொழியில் ஒரு வார்த்தை பேசக்கூட அவளுக்கு ஆள் இல்லை. அந்த மொழியிலிருந்து அவளிடம் மிஞ்சியது அந்த சூப் ஒன்றுதான். அதன் பெயரை முதல் தடவை அவள் சொன்னபோது என்னைத்தான் "போ" என்று துரத்துகிறாளோ என்று விழித்தேன். "போ இல்லீங்க. 'ஃபா' மாதிரி, கேள்வி கேக்கற மாதிரி கொஞ்சம் இழுக்கணும்" என்று சிரித்தாள். கடைசிவரை நான் அதைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை.

நீ அவள் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது அவளுக்கு அந்த சூப்பின் மேல் அப்படி ஓர் ஆசை வந்தது. சோறு பிடிக்கவில்லை, தோசை பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் அந்த வாசனைதான் வருகிறது என்றாள். புதுச்சேரியில் ஒரு வியட்நாம் அம்மா தன் வீட்டு முன்கட்டில் நாலு மேசை போட்டுக் கடை நடத்திவந்தார். கல்யாணமான புதிதில் ஒருமுறை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். இந்த வாரம், அடுத்த வாரம் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒருநாள் அதிகாலை பஸ்ஸில் கிளம்பினோம். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடக்கப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. நம்மை என்ன செய்யப்போகிறார்கள் என்கிற அலட்சியம் எனக்கு. உளுந்தூர்பேட்டைக்கு ஏழெட்டு மைல் முன்னால் பஸ் நின்றது. சாலைக்குக் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தது. டிரைவர் பின்னால் திருப்பப் பார்ப்பதற்குள் வந்த வழியிலும் ஒரு மரம் விழுந்துவிட்டது. எல்லோரும் இறங்கினோம். உன் அம்மா அந்த மரத்தின் மேலேயே, கிளைகளுக்கு நடுவில், வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறியல் செய்தவர்களில் ஒருவர் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். களமருதூர் கோவிந்தன். நெல் விவசாயி. வருடாவருடம் நம் கடையில் புளி வாங்குகிறவர். "பாய், இன்னா இந்த நேரத்துல வூட்டம்மாவ இட்டுக்கினு வந்துகீறீங்க? எங்க போறீங்க?" என்றார். சுற்றிலும் முப்பது நாற்பது பேர். அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்காகவும் வேலைக்காகவும் வெயிலில் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால், என் பெண்டாட்டிக்கு வியட்நாம் சூப் வாங்கிக்கொடுக்கப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? "ஆஸ்பத்திரிக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது. கோவிந்தன் திரும்பி, "ஏய், புள்ளத்தாச்சிடா! ஆஸ்பத்திரிக்குப் போவணுமாம்" என்று குரல் கொடுத்தார். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பத்துப் பதினைந்து பேர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு அந்த மரத்தைப் புரட்டுவதற்குக் கயிறு தேடினார்கள். ஒருவர் உன் அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் அதைத் தடுக்கவில்லை. கயிறு கட்டி முதல் இழுப்பு இழுப்பதற்குள் உன் அம்மா எழுந்துவிட்டாள்.

"அண்ணே, இருங்க" என்றாள். "ஆஸ்பத்திரிக்கு இல்லண்ணே. எனக்கு ஒண்ணும் இல்ல. எங்க அம்மா ஊரு சூப் ஒண்ணு, பாண்டிச்சேரில கிடைக்கும். அதைச் சாப்பிடணும்னு ஆசையா இருந்துச்சு. அதுக்குத்தான் போறோம்."

கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். என்னைப் பார்க்காமல் கோவிந்தன் அவளை மட்டும் பார்த்துப் பேசினார். "வாயும் வயிறுமா கீற பொண்ணு ஆசப்பட்டா அதுவும் ஆஸ்பத்திரி மாதிரிதாம்மா. ஆனா சூப்புக்குன்னு மரத்தை நவுத்துனா என்னை இவனுங்க வுட மாட்டானுங்க. கோச்சிக்காத." யாரோ சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள். தன் மாட்டுவண்டியையே கொண்டுவரச் சொல்லி, வரப்போரப் பாதையாக, வந்த வழியில் இருந்த எலவனாசூர்கோட்டை வரைக்கும் எங்களைக் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "கேட்டா நெசத்தைச் சொல்லுங்க பாய். நாங்க இன்னா காட்டுமிராண்டிங்களா?" அங்கிருந்து கிடைத்த வண்டியைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தோம். வழி முழுக்க நான் உன் அம்மாவோடு பேசவில்லை. என்னைப் பொய்யனாக்கிவிட்டாள் என்று கோபம். பொய் சொன்னது நான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மறியல் அந்த வாரம் முழுக்க நீடித்தது. பஸ் இல்லை, லாரி இல்லை, கடையில் சரக்கும் இல்லை, ஆளும் இல்லை. மூன்றாம் நாள் உன் அம்மா அந்த சூப்பைத் தானே செய்து பார்ப்பது என்று முடிவு செய்தாள். கறிக்கடையில் சொல்லி மாட்டெலும்பு வாங்கினாள். மலையிலிருந்து வந்திருந்த இஞ்சியையும் முழு வெங்காயத்தையும் அடுப்புத் தணலில் தோல் கருகச் சுட்டாள். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, கொத்தமல்லி விதை எல்லாவற்றையும் வறுத்துத் துணியில் முடிந்து பானையில் போட்டாள். சேமியா மாதிரி இல்லாமல் பட்டையாக வர வேண்டும் என்று அரிசி மாவைக் கரைத்து ஆவியில் வேகவைத்து, கத்தியால் நாடா நாடாக அறுத்து வைத்தாள். காலையில் ஏற்றிய பானை மதியம் லுஹர் தொழுகை முடிந்த பிறகும் கொதித்துக்கொண்டிருந்தது. நுரையை எடுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியாக, புதுச்சேரியிலிருந்து வாங்கி வந்து ஒளித்துவைத்திருந்த ஒரு பாட்டிலிலிருந்து மீன் சாற்றை ஊற்றினாள். உப்புப் போட்டு ஊறிய மீனிலிருந்து இறக்குகிற சாறு அது. அந்த வாசனை உன் அத்தைக்கு ஆகவில்லை. கணவரை இழந்து நம்மோடு இருந்த என் அக்காவைத்தான் சொல்கிறேன்.

நான் கடையிலிருந்து வரும்போது அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னாடா நாத்தம் இது? வூடு பூராவும் குடலைப் புரட்டுது. தெருவுல போறவன்லாம் மூக்கைப் புடிச்சிக்கினு போறான். சீனாக்காரி வூடுன்னு ஏற்கெனவே பேசறானுங்க." வியாபாரம் இல்லாத எரிச்சல், புளியமரத்தடியில் பட்ட வெட்கம், எல்லாம் சேர்ந்து கிடந்தது. சமையல்கட்டுக்குப் போனேன். உன் அம்மா இரண்டு கிண்ணம் எடுத்து வைத்திருந்தாள். ஒன்று எனக்கு. "கொட்டு அதை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய்க் கிணற்றடியில் கவிழ்த்தாள். திரும்பி வந்து பானையைக் கழுவி வைத்தாள். சாயங்காலம் எல்லோருக்கும் ரசம் வைத்தாள். உன் அத்தை இன்று இல்லை, அவள் மேல் பழி போட நான் எழுதவில்லை. மூக்கைப் பிடித்தது அவள். கொட்டச் சொன்ன வாய் என்னுடையது. அதன் பிறகு உன் அம்மா நம் வீட்டில் அந்த சூப்பைச் செய்ததே இல்லை.

நீ பிறந்தாய். உன் கண்ணைப் பார்த்ததும் எல்லோரும் "அம்மா கண்ணு" என்றார்கள். உனக்கு எட்டு மாதம் இருக்கும்போது உங்கள் இரண்டு பேரையும் சரக்கு வேனில் கல்வராயன் மலை மேலிருக்கும் வெள்ளிமலைக்குக் கூட்டிப்போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வராதவர்கள் இப்படித்தான் ஊர் சுற்றிக் காட்டுவார்கள். சந்தையில் இஞ்சி விற்ற மலைக்காரம்மா ஒருவர் உன் அம்மாவின் முகத்தைத் தொட்டுப் பார்த்து, "நீ எந்த மலை கண்ணு?" என்று கேட்டார். அவளுடைய தாய் பிறந்ததும் ஒரு மலையூர்தான். "ரொம்ப தூரத்து மலைங்க" என்றாள் உன் அம்மா. அந்தம்மாவும் அதற்கு மேல் கேட்காமல் தலையாட்டிக்கொண்டு இரண்டு இஞ்சி கூடப் போட்டுக் கொடுத்தார். கீழே ஊரில் சீனாக்காரி என்று கூப்பிடப்பட்டவளை அங்கேதான் முதல் தடவையாக யாரோ பக்கத்து மலைப் பெண் என்று நினைத்தார்கள். அன்றைக்கு அவள் இறங்கி வரும் வரைக்கும் பாடிக்கொண்டே வந்தாள். எனக்குப் புரியாத பாட்டு.

அதற்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை அவளைப் புதுச்சேரிக்கு அழைத்துப்போனேன். நீ கேட்ட விஷயம் இங்கேதான் வருகிறது. நல்ல கடையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், திரும்பி வரும் பஸ்ஸில் அவள் சொல்லிக்கொண்டு வந்ததுதான். கடை வாசலிலேயே தெரிந்துவிடும் என்பாள். சுட்ட இஞ்சியும் பட்டையும் வெளியே வரைக்கும் மணக்க வேண்டும், மணக்கவில்லை என்றால் தூள் கரைத்த தண்ணீர் என்று அர்த்தம். பலகையில் ஐம்பது பண்டம் எழுதியிருந்தால் உள்ளே போகாதே. நாலைந்துதான் இருக்கிறது, அவர்கள் ஊர்ப் பெரியவர்கள் தனித்தனியாக உட்கார்ந்து பேசாமல் குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் தைரியமாகப் போ. முற்பகலிலேயே போய்விடு. பானை தீருகிற நேரத்துக்குப் போனால் தண்ணீர் சேர்த்திருப்பார்கள். கிண்ணம் வந்ததும் எலுமிச்சையைப் பிழிந்துவிடக் கூடாது, மிளகாயையும் தொடக் கூடாது. முதலில் ஒரு வாய் வெறும் சாறு. அது பார்க்கத் தெளிவாக, அடியில் கிடக்கும் நூடுல்ஸ் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும், ஆனால் நாக்கில் கனமாக இறங்க வேண்டும். அதற்கப்புறம் தழைகளைக் கையால் கிள்ளிப் போடு. தழை வாடியிருந்தால் அந்தக் கடைக்கு மறுபடி போகாதே. சூடு ஆறுவதற்குள் சாப்பிடு, பேச்சை அப்புறம் வைத்துக்கொள். இதையெல்லாம் சொல்லும்போது அவள் விரலெல்லாம் கிண்ணத்தைப் பிடித்திருக்கிற மாதிரியே வளைந்திருக்கும்.

அவளோடு உட்கார்ந்து நான் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. அவளைக் கடை வாசலில் விட்டுவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் இருந்த டீக்கடை பெஞ்சுக்குப் போய்விடுவேன். கறி ஹலாலோ என்னவோ என்பேன். அவள் முதல் தடவையே விசாரித்துவிட்டாள். கறி நம் ஆள் கடையிலிருந்துதான் வருகிறது, பன்றி அந்தச் சமையலறைக்குள் வருவதே இல்லை. "ஒரே ஒரு கரண்டிங்க, சாறு மட்டும்" என்று ஒருமுறை கேட்டாள். தலையை ஆட்டிவிட்டுச் சாலையைக் கடந்துவிட்டேன். விசாரிப்பது தப்பில்லை. நீயும் அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சாப்பிட வேண்டும். ஆனால் நான் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். உண்மை என்ன தெரியுமா? அந்தக் கடையில் அந்த முகங்களுக்கு நடுவில் அவளும் ஒரு முகமாக இருப்பாள், அவள் பக்கத்தில் நான் புருஷனாக உட்கார்ந்திருப்பதை நம் ஊர் வியாபாரி யாராவது பார்த்துவிடுவார் என்று பயந்தேன். பள்ளிக்கூடத்தில் உன் கண்ணை வைத்துக் கேலி செய்கிறார்கள் என்று நீ அழுதுகொண்டு வந்தபோது, கண்டுக்காதே என்று சொல்லி அனுப்பினேன் பார், அதுவும் இதே பயம்தான்.

உனக்கு ஐந்து வயது நடக்கும்போது அவளுக்கு வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் படுத்திருந்தாள். சாப்பாடு எதுவும் இறங்காத ஒருநாள், "அந்தம்மா கடை பக்கத்துலதானே இருக்கு" என்றாள். ஓடினேன். கடை வாசலில் நின்றபடியே தூக்கு வாளி நிறைய வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். கடைக்கார அம்மா, நூடுல்ஸைத் தனியாகத் தருகிறேன் என்று ஏதோ சொன்னது காதில் விழுந்தது, அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகவே ஊற்றச் சொன்னேன். வார்டு நர்ஸிடம் அனுமதி வாங்கி மூடியைத் திறப்பதற்குள் அது ஊறிக் கூழாகிவிட்டிருந்தது. சாறு இல்லை. உன் அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க" என்றாள். அடுத்த கரண்டி அவளால் முடியவில்லை. அவள் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன். அதனால் சொல்கிறேன், எத்தனை நல்ல கடையாக இருந்தாலும் அதைப் பார்சல் வாங்காதே. போய் உட்கார்ந்து சாப்பிடு. பன்னிரண்டு நாள் கழித்து அவள் மவுத்தானாள்.

உன் மனைவி அடுத்த மாதம் உன்னிடம் வந்து சேர்கிறாள். மணலூர்பேட்டையில் வளர்ந்த பெண். நீ இருக்கும் அந்த நாடு முதலில் அவளுக்குப் பிடிக்காமல் போகலாம். திடீரென்று ஒருநாள் அவளுக்குக் கருவாட்டுக் குழம்பு வேண்டும் என்று தோன்றும். உன் பக்கத்து ஃபிளாட்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். அப்போது நீ என்ன செய்கிறாய் என்பது எனக்குத் தெரியப்போவதில்லை. நீ செய்வது உங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். என் வீட்டிலும் அப்படித்தான், இத்தனை வருடம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. இப்போது உனக்கும் தெரியும்.

உன்னிடம் பேசி மூன்றாம் நாள் நான் புதுச்சேரிக்குப் போனேன். கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. அந்த அம்மா காலமாகிவிட்டார். அப்போது தாவணி போட்டுக்கொண்டு கிண்ணம் தூக்கிக்கொண்டிருந்த மகள்தான் இப்போது நடத்துகிறாள், தலை நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரிய வழியில்லை. நான்தான் உள்ளே போனதே இல்லையே. ஜன்னலோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். சூப் வந்தது. எலுமிச்சையைத் தொடாமல் முதலில் சாறு. மகனே, அதில் நான் பயந்த எதுவும் இல்லை. நம் வீட்டில் பெருநாளைக்கு வைக்கிற எலும்புச் சாற்றில் இருக்கிற அதே பட்டை, அதே கிராம்பு. சுட்ட இஞ்சி. அந்த மீன் சாறு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எங்கேயோ அடியில் உப்பாகக் கரைந்துகிடந்தது. இதையா கிணற்றடியில் கொட்டச் சொன்னேன் என்று கை நின்றுவிட்டது.

"புடிக்கலீங்களா?" என்று அந்த மகள் வந்து கேட்டாள். நன்றாக இருக்கிறது, என் வீட்டில் ஒருவருக்கு இது ரொம்பப் பிடிக்கும் என்றேன். மேசையைத் துடைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். பழைய ஆட்கள் யாரும் இப்போது வருவதில்லை, சைகோனிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள் என்றாள். பிறகு, "இதே சேர்லதான் ஒரு அம்மா வந்து குந்துவாங்க. கள்ளக்குறிச்சிப் பக்கம். எங்க அம்மாகூட எங்க பாஷையில பேசும், பேசினா அம்மாவுக்கு அவ்ளோ சந்தோஷம். எப்பவும் தனியாத்தான் வரும், ஜன்னல் வழியா ரோட்டையே பாத்துக்கினு சாப்புடும். பாவம், புருஷன் இல்லாத பொண்ணுன்னு அம்மா அதுகிட்ட காசே வாங்கமாட்டாங்க" என்றாள்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு மருந்துக்கடை. அந்த இடம் நேராக, கையெட்டும் தூரம் மாதிரி தெரிகிறது. உன் அம்மா ஒவ்வொரு தடவையும் நம்மைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டிருக்கிறாள். புருஷன் அதோ உட்கார்ந்திருக்கிறார் என்று கை காட்டுவதற்கு அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? காட்டவில்லை. என்னைக் காப்பாற்றினாளா, அல்லது அந்த அம்மா நினைத்தது சரிதான் என்று விட்டுவிட்டாளா, எனக்குத் தெரியவில்லை.

நான்தான் அந்தப் புருஷன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அந்த மகள் அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, மீதியிருந்த சாற்றை அடிவரைக்கும் குடித்தேன்.

அல்லாஹ் உங்கள் இரண்டு பேரையும் ஒரே மேசையில் வைத்திருக்கட்டும்.

உன் அத்தா